ஊர் நூலகத்தில் ஒரு பொதுக் கணினி மையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ப்புற நூலகம், கிளை நூலகம், சமுதாயக் கூடம், பஞ்சாயத்துக் கட்டடம் போன்ற இடங்களில் நான்கு முதல் எட்டுக் கணினிகளை வைத்து, யாரும் இலவசமாக வந்து பயன்படுத்தவும் கற்றுக்கொள்ளவும் வழி செய்ய நினைக்கும் வாசகர் வட்டங்கள், தன்னார்வலர்களின் கேள்விகள் இவை.

பிரவுசிங் சென்டரும் இ-சேவை மையமும் இருக்கும்போது இது எதற்கு?

அந்த இரண்டு இடங்களிலும் கீபோர்டு இன்னொருவர் கையில் இருக்கிறது. விண்ணப்பிப்பவர் விவரம் சொல்கிறார், கடைக்காரர் அடிக்கிறார், ரசீது வருகிறது. வேலை முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். சிக்கல் ஆறு மாதம் கழித்து, ஹால் டிக்கெட் எடுக்கும்போது தெரியும். அரசுப் பணித் தேர்வாணையத் தளத்தில் செய்த ஒருமுறைப் பதிவின் கடவுச்சொல் தெரியாது. மின்னஞ்சல் முகவரி கடைக்காரர் அவசரத்துக்கு உருவாக்கியது. பதிவு செய்த கைபேசி எண்கூடச் சில நேரம் கடையுடையதாக இருக்கும்.

பொது மையத்தில் கீபோர்டு முன்னால் விண்ணப்பதாரரே உட்கார வேண்டும். கடையில் பத்து நிமிடத்தில் முடிவது இங்கே நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடத்தைப் பொறுக்க முடியாது என்றால் மையம் தொடங்காமல் இருப்பதே நல்லது. ஊருக்கு இன்னொரு பிரவுசிங் சென்டர் தேவையில்லை.

எத்தனை கணினி வேண்டும்? எவ்வளவு இடம்?

ஆறு போதும். ஒருவர் நின்றபடி ஆறு திரைகளைப் பார்த்துக்கொள்ளலாம். எட்டுக்கு மேல் போனால் இரண்டாவது ஆள் வேண்டும். ஆளுக்கு மூன்றடி மேசை நீளம் விடுங்கள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட இடம் வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். மேசைகளைச் சுவரை ஒட்டிப் போட்டு, திரைகள் அறையின் நடுவைப் பார்க்கும்படி வையுங்கள். பள்ளி வகுப்பு மாதிரி வரிசையாகப் போட்டால் ஒயர்கள் நடைபாதையில் கிடக்கும். முதல் வாரத்திலேயே யாராவது தடுக்கி விழுவார்கள்.

அரசு நூலகக் கட்டடம் என்றால் மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். நன்கொடையாக வரும் கணினிகள் யார் பெயரில் இருக்கும், மின்கட்டணம் யார் கட்டுவது என்ற இரண்டையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். நூலகர் மாறுதலாகிப் போகும்போது அந்தத் தாள்தான் காப்பாற்றும்.

நன்கொடையாக வரும் பழைய கணினிகளை எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. அலுவலகங்கள் கழிக்கும் கணினிகளில் இன்டெல் ஐ3 அல்லது ஐ5, நான்காம் தலைமுறைக்குப் பிறகு வந்தவை நன்றாக உழைக்கும். அதற்கும் பழைய ரகங்களை நாசூக்காக மறுத்துவிடுங்கள். இல்லையென்றால் மையம் ஊரின் இ-கழிவுக் கிடங்காகிவிடும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய மாற்றங்கள் மூன்று. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பான்) போடுங்கள். ராமை 8 ஜிபி ஆக்குங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த பேட்டரி செத்திருந்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பிறகு எந்தப் பாதுகாப்பான இணையதளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்றே வரும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கணினி தன் கடிகாரத்தை வைத்துத்தான் சரிபார்க்கிறது. வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி போடுவார்கள், குறை அப்படியே இருக்கும்.

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகள் பல வீடுகளில் பரண்மேல் தூங்குகின்றன. பெரும்பாலும் பேட்டரியோ ஹார்ட் டிஸ்க்கோதான் போயிருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு ‘மடிக்கணினி பார்க்கும் நாள்’ வைத்து, அந்தப் பிள்ளைகளை விட்டே எஸ்எஸ்டி மாட்டச் சொல்லுங்கள். மையத்தின் கணினியைத் தொடாமலே ஊரில் கணினி எண்ணிக்கை கூடும்.

விண்டோஸா, லினக்ஸா?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். நன்கொடைக் கணினிகள் பெரும்பாலும் இந்த வாசலிலேயே நின்றுவிடும். குறுக்கு வழியில் ஏற்றலாம்தான், ஆனால் அடுத்த பெரிய புதுப்பிப்பின்போது யார் வந்து உட்காருவது?

ஆறில் நான்கில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், இரண்டில் முறையான உரிமம் உள்ள விண்டோஸ் 11 என்று பிரித்தால் நன்றாக ஓடும். இணையம், விண்ணப்பம், தட்டச்சு, லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் எல்லாம் லினக்ஸில் நடக்கும். கணினி அலுவலகத் தன்னியக்கச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பவர்களும், எம்எஸ் வேர்டு, எக்செல் தெரியுமா என்று கேட்கும் வேலைக்குப் போகிறவர்களும் விண்டோஸ் பக்கம் உட்காரட்டும். திருட்டு விண்டோஸ் வேண்டவே வேண்டாம். அதை இயக்க வைக்கும் ‘கிராக்’ கோப்புகளோடுதான் பாதி வைரஸ் உள்ளே வருகிறது.

கரண்ட் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் எர்த். மல்டிமீட்டரை எடுத்து மூன்று அளவு பாருங்கள். பேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் கம்பி) 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறத்தாழ அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, ஐந்தைத் தாண்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பேஸ்–எர்த் அளவு நூறு, நூற்றிருபது என்று ஆடினால் எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பிளக்கில் பெயருக்குத்தான் இருக்கிறது.

எர்த் இல்லாத இடத்தில் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று பிடிக்கும். கணினியின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டும் கப்பாசிட்டர்கள் எர்த்துக்குப் போக வேண்டிய சிறு கசிவை கேபினட்டில் தேக்குவதுதான் காரணம். அதில் உயிர்ப்பயம் குறைவு, ஆனாலும் முதன்முறை வந்து தொட்ட பாட்டி மறுபடி வரமாட்டார். அதே அறையில் வேறொரு கருவியில் பேஸ் கசிந்தால் அப்போது உயிர்ப்பயமும் உண்டு.

அடுத்து, கரண்ட் போனால் என்ன செய்வது என்பது. பழைய டெஸ்க்டாப்பும் எல்சிடி திரையும் சேர்ந்து 80 முதல் 100 வாட் இழுக்கும். ஆறுக்கு 600 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றில் ஏட்டுக் கணக்குப்படி 1800 வாட்-மணி இருக்கும். இன்வெர்ட்டர் இழப்பெல்லாம் போக, புது பேட்டரிக்கு ஒன்றரை மணி நேரம், இரண்டு மூன்று வருடம் ஆனதற்கு ஒரு மணி நேரம் என்று எதிர்பார்க்கலாம். மடிக்கணினியோ மினி கணினியோ என்றால் 30, 40 வாட்தான், அதே பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் வரும்.

இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அது ‘யுபிஎஸ்’ பக்கம் இல்லையென்றால் கரண்ட் போகும் கணத்தில் எல்லாக் கணினியும் அணைந்து எழும். ஆனால் யுபிஎஸ் நிலையில் அது ஏற்கும் மின்னழுத்த எல்லை குறுகியது, 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரிக்குத் தாவிவிடும். மாலையில் லோ வோல்டேஜ் இருக்கும் ஊரில் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாவதற்குக் காரணம் இதுதான். அங்கே முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள்.

லேசர் பிரிண்டரை எக்காரணம் கொண்டும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டாதீர்கள். உள்ளே உருளையைச் சூடாக்கும்போது ஒரு நொடியில் பல நூறு வாட் இழுக்கும். ஆறு கணினியும் சேர்ந்து படுத்துவிடும்.

இணைய வேகம் எவ்வளவு வேண்டும்?

ஆறு பேருக்கு 40 அல்லது 50 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு தாராளம். மெதுவாக இருக்கிறது என்ற புகார் வந்தால் இரண்டைப் பாருங்கள்: ஏதாவது கணினி பின்னணியில் புதுப்பிப்பை இறக்குகிறதா, வைஃபை கடவுச்சொல் ஊர் முழுக்கப் பரவிவிட்டதா. கணினிகளை கேபிள் மூலமே இணையுங்கள், வைஃபையை விருந்தினர் இணைப்பாகத் தனியே பிரியுங்கள். ஆபாசத் தளங்களைத் தடுக்க விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியை 1.1.1.3 என்று மாற்றினால் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் குடும்ப வடிகட்டி வேலை செய்யும். முழுப் பாதுகாப்பு இல்லை, தெரியாமல் போய் விழுவதைத் தடுக்கும். அறையின் நடுவைப் பார்க்கும் திரை இதைவிட நல்ல வடிகட்டி.

இணையமே இல்லாத ஊரானாலும் மையம் நடத்தலாம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி வைத்துவிட்டால், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை இணையம் இல்லாமலே படிக்கலாம்.

தமிழில் தட்டச்ச எந்த விசைப்பலகையைச் சொல்லித்தருவது?

தமிழ் 99. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறை கைபேசியில் பழகிய இளைஞர்களுக்குச் சரி. ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு அது இரட்டைச் சுமை: ழ எந்த எழுத்தில் வரும் என்று யோசிக்க அவர் முதலில் ஆங்கிலம் படித்தாக வேண்டும்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. புள்ளியைப் பெரும்பாலும் தானே போட்டுக்கொள்வதுதான் இதன் அழகு. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே விசைகள். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி விழும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த, ன-வுக்குப் பின் ற போன்ற இன எழுத்துகளுக்கும் அப்படியே. புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் ‘அ’ அடிக்க வேண்டும். ‘பப்பாளி’க்கு ப, அ, ப, ப, ஆ, ள, இ. இந்த ‘அ’ ரகசியத்தை முதல் நாளே சொல்லாவிட்டால் பாதிப் பேர் கீபோர்டு கோளாறு என்று எழுந்து போய்விடுவார்கள்.

நிறுவும்போது நடக்கும் தவறுகள் இரண்டு. விண்டோஸில் வெறும் ‘தமிழ்’ என்ற பெயரில் இருப்பது இன்ஸ்கிரிப்ட் என்ற வேறொரு விசைப்பலகை அமைப்பு, எழுத்துகள் எல்லாம் இடம் மாறி இருக்கும். விசைப்பலகைப் பட்டியலில் ‘தமிழ் 99’ஐத் தனியாகச் சேர்த்து மற்றதை நீக்குங்கள். லினக்ஸில் விசைப்பலகை அமைப்புகளில் நேரடியாகத் தெரியும் தமிழ் 99-இல் தானியங்கிப் புள்ளி வேலை செய்யாது. முன்னால் அடித்தது என்ன என்பதை அது நினைவில் வைப்பதில்லை. ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக எம்17என் தொகுப்பில் வரும் தமிழ் 99-ஐப் போடுங்கள்.

விசைகளில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். இரண்டு மாதத்தில் ஓரம் பிய்ந்து பிசுபிசுக்கும். அதோடு கண் விசையை விட்டு நகராது. விசைப்பலகைப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் திரைக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள்.

பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறதே?

அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம், ஆனால் தேடவோ மின்னஞ்சலில் அனுப்பவோ சரிப்படாது. எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடு எழுத்தாக்கும் மாற்றியில் ஒட்டி, சரியான எழுத்துருப் பெயரைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். மாற்றிய பின் எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் கட்டாயம் சரிபாருங்கள், இடையில் இருந்த ஆங்கிலமும் தமிழாகிக் குழம்பியிருக்கும்.

பயிற்சி வகுப்பை எப்படி அமைப்பது? எத்தனை மணி நேரம்?

ஊரக மக்களுக்காக 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 20 மணி நேரம் என்று வைத்திருந்தது. மவுஸைத் தொட்டே பார்க்காதவருக்கு அது இறுக்கமான கணக்கு. 30 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு ஒன்றரை மணி, வாரம் நான்கு நாள், ஐந்து வாரம். நாள் முழுக்க வைக்கும் முகாம்கள் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், அடுத்த வாரம் எதுவும் கையில் நிற்காது.

கணினியின் பாகங்கள், தலைமுறைகள் என்று கரும்பலகையில் எழுதித் தொடங்காதீர்கள். வந்தவர் எதற்கு வந்தார் என்று கேட்டு அங்கிருந்து தொடங்குங்கள். ஒருவருக்குப் பட்டா பார்க்க வேண்டும், இன்னொருவருக்கு மகன் படிக்கும் கல்லூரியின் கட்டணம். சுய உதவிக் குழுப் பொறுப்பாளருக்கு வரவு செலவை விரிதாளில் போட வேண்டும். அந்த ஒரு வேலையைச் செய்து முடிக்கும் வழியில் மவுஸ், தாவல், கோப்புறை, சேமித்தல் எல்லாம் வந்துவிடும்.

மூன்று வகுப்பு மவுஸுக்கே போகும். முதியவர்களுக்கு இரட்டைக் கிளிக் வராததற்குக் கை நடுக்கம் ஒரு காரணம்தான். இரண்டு கிளிக்குக்கு நடுவில் மவுஸ் அரை அங்குலம் நகர்ந்துவிடும், கணினி அதை இழுப்பதாக எடுத்துக்கொண்டு கோப்பை வேறு இடத்தில் போட்டுவிடும். அமைப்புகளில் இரட்டைக் கிளிக் வேகத்தையும் சுட்டியின் வேகத்தையும் குறையுங்கள். அதுவும் முடியாதவர்கள் ஒருமுறை கிளிக் செய்து என்டர் தட்டட்டும். பிடித்து இழுக்கப் பழக சாலிடேர் சீட்டு விளையாட்டை விடச் சிறந்த பாடம் இல்லை.

சொல்லித்தருபவருக்கு ஒரே விதி: கை பின்னால். மாணவரின் மவுஸைப் பிடுங்கிச் செய்து காட்டினால் மாணவருக்கு மிஞ்சுவது ‘நமக்கு இது வராது’ என்ற நினைப்பு. விரலால் திரையைக் காட்டுங்கள், வாயால் சொல்லுங்கள், காத்திருங்கள்.

பள்ளி விட்டதும் சிறுவர்கள் எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள்.

பிடிப்பார்கள். விளையாட்டைத் தடை செய்தால் சிறுவர்களும் வருவதில்லை, அவர்கள் கூட்டி வரும் பெற்றோரும் வருவதில்லை. ஆளுக்கு 30 நிமிட டோக்கன் கொடுங்கள், இரண்டு கணினியைப் பெரியவர்களுக்கு என்று ஒதுக்குங்கள். விளையாட முன்பணமாகப் பத்து நிமிடத் தமிழ்த் தட்டச்சு என்று ஒரு பழக்கம் வைத்தால் இரண்டு மாதத்தில் ஊரின் வேகமான தட்டச்சர் ஏழாம் வகுப்பில் இருப்பார்.

பெண்கள் வருவதில்லையே?

நேரத்தைப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குத் திறந்து வைத்துக்கொண்டு வரவில்லை என்று சொல்லக் கூடாது. காலை பத்தரை முதல் பன்னிரண்டரை வரை, அல்லது நூறு நாள் வேலை முடியும் நேரத்தை ஒட்டி, வாரம் மூன்று நாள் பெண்களுக்கு மட்டும் என்று அறிவியுங்கள். சொல்லித்தருபவரும் பெண்ணாக இருக்க வேண்டும். குழந்தையைத் தூக்கி வரலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், ஒரு பாயும் கொஞ்சம் படப் புத்தகமும் போதும். கழிவறை பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பார்வையற்றவர்கள் பயன்படுத்த என்ன செய்ய வேண்டும்?

விண்டோஸ் கணினி ஒன்றில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி ஒரு ஹெட்போன் வையுங்கள். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும். உச்சரிப்பு இயந்திரத்தனமாக இருந்தாலும் பழகியவர்கள் நம்மைவிட வேகமாகக் கேட்பார்கள். எஃப், ஜே விசைகளில் மேடு தேய்ந்துபோகாத கீபோர்டாகப் பார்த்து அங்கே போடுங்கள்.

ஆதார், வங்கி விவரங்கள் பொதுக் கணினியில் பாதுகாப்பா?

கவனம் இல்லாவிட்டால் பாதுகாப்பில்லை. பெரிய ஆபத்து டவுன்லோட்ஸ் கோப்புறைதான். மின்-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது, ஊரில் எல்லோருக்கும் எல்லோருடைய பெயரும் தெரியும். முழு எண் தேவைப்படாத இடத்துக்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கச் சொல்லுங்கள்.

லினக்ஸ் மின்ட்டில் விருந்தினர் அமர்வை இயக்கி வைத்தால், வெளியேறியதும் கோப்பு, வரலாறு, உள்நுழைவு எல்லாம் தானே அழிந்துவிடும். விண்டோஸில் பிரவுசரை மூடும்போதெல்லாம் குக்கிகளை (உள்நுழைவை நினைவில் வைக்கும் சிறு கோப்புகள்) அழிக்கும்படி அமைத்து, டவுன்லோட்ஸைத் தினமும் மூடுமுன் காலி செய்யுங்கள். பிரவுசர் கடவுச்சொல்லை நினைவில் வைக்கட்டுமா என்று கேட்கும் வசதியையே அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பைக் கணினியில் திறந்தவர் வெளியேற மறந்துவிட்டால், தன் கைபேசியில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதிக்குப் போய் வீட்டிலிருந்தே துண்டிக்கலாம்.

ஓடிபி வந்தால் கைபேசியைத் தன்னார்வலர் வாங்கிப் பார்க்கக் கூடாது, படிக்கத் தெரியாதவரானாலும் ஒவ்வோர் எண்ணாக அவரே பார்த்து அடிக்கட்டும். வங்கிப் பணப் பரிமாற்றத்தைப் பொதுக் கணினியில் செய்ய வேண்டாம். பணம் ஏமாந்து வந்து நிற்பவருக்கு முதல் வேலை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறாரோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. கடவுச்சொல்லை வீட்டு நோட்டில் எழுதி வைப்பது தவறு என்று சொல்லாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் நோட்டு, கடைக்காரரின் நினைவைவிடப் பாதுகாப்பானது.

பதிவேடு வைக்க வேண்டுமா? சட்டம் என்ன சொல்கிறது?

கட்டணம் வாங்கித் தொழிலாக நடத்தினால் 2011-ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள் பொருந்தும்: பதிவு, அடையாளச் சான்று பார்ப்பது, வருகைப் பதிவேட்டை ஓராண்டு வைத்திருப்பது, தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்பவை அதில் உண்டு. இலவச மையமானாலும் பெயர், கணினி எண், வந்த நேரம், போன நேரம் எழுதுங்கள். காவல் துறையிடமிருந்து கேள்வி வந்தால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

பிரிண்டுக்குப் பணம் வாங்கலாமா?

வாங்குங்கள், ஊர்க் கடை விலையைவிடக் குறைக்காமல். மலிவாகக் கொடுத்தால் மையம் ஜெராக்ஸ் கடையாகிவிடும். கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் போதும். இங்க்ஜெட் நான்கு வாரம் சும்மா இருந்தால் முனை காய்ந்துவிடும். மழைக்காலத்தில் தாள் சிக்கினால் பிரிண்டரைத் திட்டுமுன் தாளைப் பாருங்கள், ஈரம் குடித்திருக்கும். தாள் கட்டை மூடிய டப்பாவில் வையுங்கள்.

அடிக்கடி வரும் பழுதுகள்?

பீப் பீப் என்று கத்தித் திரை வராமல் இருந்தால், கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுங்கள். பத்தில் ஏழு தடவை வந்துவிடும். தானே அணைந்தால் தூசி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் ஊதுங்கள், ஊதும்போது உள் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தாறுமாறாகச் சுழன்று கெட்டுவிடும். பென் டிரைவில் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் லினக்ஸ் கணினியில் செருகுங்கள். வைரஸ் விண்டோஸில் மறைத்த அசல் கோப்புகள் அங்கே அப்படியே தெரியும், வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு டிரைவை ஃபார்மட் செய்யலாம். ஒயரைக் கடிக்கும் எலிக்கு பிவிசி பைப்தான் மருந்து.

இப்படித் தொடங்கியவை ஏன் மூடிவிடுகின்றன?

இது புதிய யோசனை அல்ல. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் வில்லியனூரை மையமாக வைத்து ஊர் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயர முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு வாசித்தார்கள். கணினியைத் தொடாதவருக்கும் அந்த மையம் தேவையானதாக இருந்தது.

2001-இல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் சென்னை ஐஐடி சார்ந்த தொழில்நுட்பத்தோடு தொடங்கிய இணையக் கியோஸ்க்குகள் (சிறு இணையச் சேவை மையங்கள்), தனியார் சிறுதொழிலாக லாபத்தில் நடக்க வேண்டியவை. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடிவிட்டன. வருமானம் போதவில்லை, பழுது பார்க்கத் தொடர்ந்து ஆளும் இல்லை. உரிமையாளர் ஒருவர், பயிற்சி பெற்று மையத்தை இயக்குபவர் வேறொருவர் என்று இருந்த இடங்கள் கூடுதல் நாள் தாக்குப்பிடித்தன.

ஆகவே கணினி வாங்கத் திரட்டும் பணத்தில் பாதியைத் தொடாமல் வையுங்கள். ஒருவருக்கு மாத மதிப்பூதியம், பேட்டரிக்கும் டோனருக்கும் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) ஒரு தொகை, இணையக் கட்டணம் ஆகிய மூன்றும் 24 மாதத்துக்குக் கையில் இருந்தால் மட்டும் திறப்பு விழா நாள் குறியுங்கள். கணினி ஆறு என்று திட்டமிட்டு நான்குதான் வாங்க முடிகிறதென்றால் நான்கு வாங்குங்கள். சாவி எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கட்டும். வாசலில் எழுதிய நேரத்தில் கதவு பூட்டியிருப்பதை மூன்று முறை பார்த்தவர் நான்காவது முறை வருவதில்லை.